நாலு பாட்டும் ஒரு கையெழுத்தும்

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாட்டுகளை மேடையில் பல வருஷம் வாசித்திருக்கிறேன். அந்த பேண்டின் கோர்ட் வழக்குகளைப் பற்றிப் படித்தது எங்கள் பேண்ட் உடைந்த பிறகுதான். முன்னாடியே படித்திருந்தால் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும், ஒரு சிநேகிதமும் மிஞ்சியிருக்கும். பேண்ட் ஆரம்பிப்பது எப்படி என்று தேடினால் எந்த கிடார் வாங்கலாம், எந்த ஆம்ப் நல்லது என்று கொட்டுகிறது. வரும் பணம் யார் பான் நம்பரில் விழ வேண்டும், பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம், பாட்டு யாருடையது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

நான் பேஸ் கிடார். எங்கள் கூடாரம் பெரம்பூரில் டிரம்மர் வீட்டு மொட்டை மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், சுவரெல்லாம் முட்டை அட்டை. மே மாசத்தில் உள்ளே போனால் கிடார் கம்பியே சூடாக இருக்கும், ஒரு பாட்டு முடிவதற்குள் ட்யூனிங் இறங்கிவிடும். டிரம்மர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பையன். அவன் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை டான்ஸ்களில் வாசித்தவர். கிரீடன்ஸ் எங்களுக்கு வந்தது அவர் கேசட்டுகள் வழியாகத்தான். மகன் ஒரு ரோல் கூடுதலாகப் போட்டால் படியேறி வந்து நிற்பார். "அலட்டாத மேன். நேரா போ. பாட்டு தானா நகரும்." நான் கற்றுக்கொண்ட இசைப் பாடத்தில் பாதி அதுதான்.

கிரீடன்ஸ் பாட்டுகளைக் கேட்கிறவர்கள் அந்த பேண்ட்காரர்களை லூசியானா சதுப்பு நிலத்து ஆட்கள் என்றே நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊர்க்காரர்கள். ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டு குக், டக் கிளிஃபோர்ட் மூன்று பேரும் பள்ளிக்கூட நண்பர்கள். ஜானின் அண்ணன் டாம் பிறகு சேர்ந்துகொண்டார். 1964-ல் ஃபேண்டசி என்ற சின்ன ஜாஸ் கம்பெனி அவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குத் துளியும் பிடிக்காத 'கோலிவாக்ஸ்' என்ற பெயரை வைத்தது. பல வருஷம் ஒன்றும் ஓடவில்லை. 1967-ல் சால் ஜென்ட்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார், பேண்டின் பெயர் கிரீடன்ஸ் என்று மாறியது, 1968-ல் முதல் ஆல்பம் வந்தது. அதற்கப்புறம் வந்தது வெள்ளம். 1969 என்ற ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம், மூன்றும் ஹிட். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஐந்து சிங்கிள் தட்டுகள் ஏறின, சிங்கிளில் முதல் இடம் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. உட்ஸ்டாக் இசை விழாவில் அவர்கள் மேடை ஏறும்போது நள்ளிரவு தாண்டி பாதிக் கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. 1972 அக்டோபரில் பேண்டே இல்லை. பேண்ட் ஓடிய காலம் நாலே வருஷம், அதன் வழக்குகள் ஓடியது அதைப்போலப் பல மடங்கு.

எங்கள் ஏற்றம் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸ், அப்புறம் ஒரு ஹோட்டல் பாரில் வார நாள் ராத்திரி, அப்புறம் ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் ஆண்டு விழா. முதலில் நாலு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம், அதில் ஆட்டோவுக்கே ஆயிரம் போய்விடும். போகப் போக ஐம்பதாயிரம் வரை வந்தது. ஸ்பீக்கர், மிக்ஸர் வாடகைக்கு எடுத்தே காசு கரைகிறது என்று சொந்தமாக வாங்க முடிவு செய்தோம். நிரந்தர சம்பளக்காரன் நான் ஒருத்தன்தான், அதனால் பர்சனல் லோன் என் பெயரில், இரண்டே கால் லட்சம். மாசாமாசம் எல்லாரும் பங்கு போட்டு இ.எம்.ஐ. கட்டுவது என்பது ஒப்பந்தம், அதுவும் டீக்கடையில் வாயால் பேசியதுதான். பேண்ட் ஆரம்பிக்கிற தம்பிகளுக்கு முதல் விஷயம் இதுதான்: நாலு பேர் என்றால் வரும் பணத்தை ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்தாவது பங்கு சாமான்களுக்கு. அது தனி வங்கிக் கணக்கில் கிடக்கட்டும், எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாமான் யாருடையது, ஒருத்தர் விலகினால் அவருக்கு என்ன போகும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கு அது அசிங்கமாகத்தான் இருக்கும். "என்ன மச்சி, நம்ப மாட்டியா?" என்று எவனாவது கேட்பான். கேட்கட்டும்.

நிகழ்ச்சி அதிகமானதும் ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். ஈவென்ட் வேலை பார்த்தவர், பேச்சில் தேன் ஒழுகும், நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். இருபது சதவீதம் அவருக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் பணம் அவர் கணக்குக்கு வந்து, அவர் கையிலிருந்து எங்களுக்கு ரொக்கமாக வரும். எவ்வளவு வந்தது என்பது அவர் சொன்னால்தான் தெரியும். ஒரு ஐ.டி. கம்பெனி நிகழ்ச்சிக்கு மட்டும் ஏதோ காரணத்துக்காக என் பெயரில், என் பான் நம்பரில் பில் போட்டார், வங்கிக் கணக்கு எண் மட்டும் அவருடையது. அவர் எங்களிடம் சொன்ன தொகை ஐம்பதாயிரம். அடுத்த ஜூலையில் வருமான வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோது என் பான் நம்பரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்தேன். அந்தக் கம்பெனி பெயருக்கு நேராக 85,000, அதில் பிடித்த வரி (டி.டி.எஸ்.) 8,500 என்று இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட உடனே வரவில்லை. அதுவரை வாசித்த ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஞாபகத்துக்கு வந்து, அதில் எவ்வளவு இதில் எவ்வளவு என்று மனசு கூட்டிக்கொண்டே போனது. அந்த வருமானத்தை என் கணக்கில்தான் காட்ட வேண்டியிருந்தது. மற்ற மூன்று பேருக்குப் பங்கு போனதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஆடிட்டர் கேட்டார். ரொக்கத்துக்கு என்ன ஆதாரம்? ஆகவே: பில் பேண்டின் பெயரில், பணம் பேண்டின் கணக்கில், மேனேஜருக்கு அதிலிருந்து நீங்கள் பங்கு கொடுங்கள். தலைகீழாக மட்டும் வைக்காதீர்கள். பெரிய பேண்டுகளுக்கும் இதில் அடிதான் விழுந்திருக்கிறது. கிரீடன்ஸ்காரர்கள் வரி மிச்சமாகும் என்ற ஆலோசனையை நம்பி பஹாமாஸில் காஸில் பேங்க் என்ற வங்கியில் பணத்தைப் போட்டார்கள். 1977-ல் வங்கி மூழ்கியது, அவர்கள் சேமிப்பில் பெரும்பகுதி அதோடு போனது.

இன்னொரு பேண்டையும் இங்கே சொல்ல வேண்டும், பேட்ஃபிங்கர். பீட்டில்ஸ் நடத்திய ஆப்பிள் என்ற இசைத்தட்டு கம்பெனியில் இருந்தவர்கள். மேனேஜர் ஸ்டான் போலி எல்லாப் பணத்தையும் தன் நிறுவனத்துக்குள் வாங்கி, பையன்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி கொடுத்தார். 1974-ல் பணம் எங்கே என்று, அப்போது அவர்கள் ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் கம்பெனி வழக்குப் போட்டது, ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் போனது, சம்பளமும் நின்றது. 1975 ஏப்ரலில் பாடகர் பீட் ஹாம் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 27 வயது. அவர் எழுதி வைத்த கடிதத்தில் அந்த மேனேஜரின் பெயர் இருந்தது. இதை நான் ராத்திரியில் படித்தேன். அந்த நாட்களில் எனக்கும் தூக்கம் இல்லை. இ.எம்.ஐ. தேதி நெருங்கினால் சாப்பாடு இறங்காது. வீட்டில் சொல்லவில்லை, "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்பார்களே என்று. கடைசியில் என் அக்காவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை, பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து கடன் எவ்வளவு பாக்கி என்று எழுதச் சொன்னாள். பணப் பிரச்சினையைத் தனியாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், யாராவது ஒருத்தரிடம் தொகையோடு சொல்லிவிடுங்கள்.

இப்போது பாட்டு விஷயம். எங்கள் பாடகன் நன்றாக எழுதுவான். தமிழில், ராக் மெட்டில். ஒரு சின்ன ஆடியோ கம்பெனி நாலு பாட்டுக்கு ஸ்டுடியோ செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று வந்தது. ஆறு பக்க ஒப்பந்தம், ஆங்கிலத்தில். ரெக்கார்டிங் அன்று காலையில், மைக் செட் பண்ணிக்கொண்டிருக்கும்போது நீட்டினார்கள். "ஸ்டாண்டர்ட் பேப்பர்தான் சார், எல்லாரும் போடுறதுதான்." டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவில் பாடகன் கையெழுத்துப் போட்டான், நான் சாட்சி. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு எல்லாம் உலகம் முழுக்க, என்றென்றைக்கும் அவர்களுக்கு. பிறகு பாரிமுனை பக்கம் தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீல் அதைப் படித்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தால் நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருஷம்தான் செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். எங்கள் பேப்பரில் இரண்டையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் அவர்களால் பிடுங்க முடியாது: 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது, சரிபாதி அவர்களுக்கு வந்தாக வேண்டும். வக்கீல் ஃபீஸ் இரண்டாயிரம் ரூபாய். கையெழுத்துக்கு முந்தின நாள் அந்த இரண்டாயிரத்தைக் கொடுத்திருக்கலாம். ரெக்கார்டிங் அன்று நீட்டுகிற பேப்பரில் அன்றே கையெழுத்து கிடையாது, இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஜான் ஃபோகர்ட்டியின் கதையும் இதே பேப்பரில்தான் தொடங்குகிறது. அவர் எழுதிய பாட்டுகளின் உரிமை ஃபேண்டசிக்கு. அதுவும் போதாமல், இன்னும் இத்தனை பாட்டு தர வேண்டும் என்ற பாக்கி, பேண்ட் உடைந்த பிறகும் அவர் தலையில் நின்றது. 1980-ல் அதிலிருந்து வெளியே வருவதற்காக கிரீடன்ஸ் தட்டுகளில் தனக்கு வர வேண்டிய ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். விடுதலைக்கு விலை அது. 2004-ல் கான்கார்ட் நிறுவனம் ஃபேண்டசியை வாங்கிய பிறகுதான் அந்த ராயல்டி திரும்பியது. பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 77.

ஆனால் எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போட்டுவிட முடியாது. பேஸ் வாசிக்கிறவன் என்பதால் எனக்கு முதலில் ஸ்டு குக் பக்கம்தான் மனசு சாய்ந்தது. எழுதுவது, பாடுவது, லீட், ஏற்பாடு, மேனேஜர் வேலை எல்லாம் ஜான். மற்றவர்கள் சொன்னதை வாசிக்க வேண்டும். அண்ணன் டாமுக்கே மூச்சு முட்டி 1971 தொடக்கத்தில் வெளியேறினார். மிச்ச மூன்று பேர் 1972-ல் போட்ட கடைசி ஆல்பத்தில் குக்கும் கிளிஃபோர்டும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் பாடினார்கள். அவர்கள் கேட்டார்கள், கொடுத்தேன் என்பது ஜான் தரப்பு. நாங்கள் கேட்காததை வம்புக்குத் திணித்தார் என்பது அவர்கள் தரப்பு. ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எங்கள் ஷெட்டிலும் அதே சண்டைதான். பாடகன் எல்லாம் தானே முடிவு செய்கிறான் என்று எனக்கும் கிடாரிஸ்ட்டுக்கும் புகைச்சல். நாலு பேருக்கும் சம ஓட்டு என்றோம். எதில் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. பணத்தில், தேதியில், சாமான் வாங்குவதில் சம ஓட்டு இருக்கட்டும். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்பதில் நாலு ஓட்டு வைத்தால் விடியவே விடியாது. இது என் அபிப்பிராயம், எங்கள் கிடாரிஸ்ட் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

85,000 விஷயத்தை நான் கேட்டதும் மேனேஜர் கோபித்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது பேண்டின் பெயரையும் கொண்டுபோனார். அதை ஏற்கெனவே தன் பெயரில் டிரேட்மார்க்குக்குப் போட்டு வைத்திருந்தார். டிரேட்மார்க் பட்டியலில் கேளிக்கை நிகழ்ச்சிகள் வருவது 41-ம் வகுப்பு. தனி ஆள் இணையத்தில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். டிரேட்மார்க் இதழில் வெளியான நாலு மாசத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு சொல்லலாம். அந்த நாலு மாசமும் நாங்கள் அதே பெயரில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தோம், இதழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முன்பிருந்தே பயன்படுத்தியவர்கள் என்று காட்டினால் வழக்காடலாம் என்றார் வக்கீல். போஸ்டர், பில், போட்டோ எல்லாம் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். பாதி எங்கள் டிரம்மரின் பழைய போனில் இருந்தது, அந்த போன் வெள்ளத்தில் போயிற்று. வழக்குச் செலவைக் கேட்டதும் விட்டுவிட்டோம். உங்கள் பேண்டின் பெயரை டிரேட்மார்க் தளத்தில் இன்றைக்கே தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் காசு இல்லை.

பாடகன் புது பேண்டு போட்டு, தன் நாலு பாட்டில் ஒன்றை மறுபடி பாடி இணையத்தில் ஏற்றினான். ஆடியோ கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது, சாட்சி என்பதால் எனக்கும் ஒரு பிரதி. தன் பாட்டைத் தான் பாடினதற்கு நோட்டீஸா என்று பாடகன் சிரித்தான், அப்புறம் அழுதான். ஃபோகர்ட்டிக்கு நடந்தது இதைவிட வினோதம். 1984 கடைசியில் அவர் வெளியிட்ட 'த ஓல்ட் மேன் டவுன் த ரோட்' என்ற பாட்டு, கிரீடன்ஸுக்கு அவரே எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' மாதிரி இருக்கிறது என்று ஃபேண்டசி வழக்குப் போட்டது. அவரைப் போலவே அவர் எழுதிவிட்டார் என்பது குற்றச்சாட்டு! 1988-ல் சாட்சிக் கூண்டுக்குக் கிடாரைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார், ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தன் வக்கீல் செலவை ஃபேண்டசி தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-ல் ஜெயித்தார். வழக்குப் போட்டவருக்கு எந்த அளவுகோலோ எதிர்வழக்காடி ஜெயித்தவருக்கும் அதே அளவுகோல்தான் என்று ஆனது அந்தத் தீர்ப்பில்தான். அவரால் முடிந்தது. எங்கள் பாடகன் பாட்டை இறக்கிவிட்டான்.

அதைவிட வலித்தது ஒரு விளம்பரம். நாலு பாட்டில் ஒன்று, ஏரியைத் தூர்த்து மனை போட்டதைப் பற்றியது. அதன் ஆரம்ப மெட்டும் முதல் இரண்டு வரியும் புறநகர் மனை விற்கிற விளம்பரத்தில் வந்தது. ஏரியின் அழகைச் சொல்லும் வரிகள் அவை, திட்டுவது மூன்றாவது வரியில்தான் ஆரம்பிக்கும். 'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டும் இப்படித்தான் ராங்லர் ஜீன்ஸ் விளம்பரத்தில் கொடி, நாடு என்று முதல் வரிகளோடு வெட்டப்பட்டு வந்தது. பணக்காரன் பிள்ளைக்குப் போர் இல்லை என்று கத்துகிற பாட்டு அது. விளம்பரத்தில் பயன்படுத்த எழுத்துப்பூர்வமாக என் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். பத்துக்கு ஆறு பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொன்னார், கேட்கிறவர்தான் பத்துக்கு ஒருத்தர் என்றும் சொன்னார்.

அப்புறம் பாடகன் பழைய பாட்டு எதையும் பாட மாட்டேன் என்றான். யாரோ சம்பாதிக்க நான் ஏன் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. ஃபோகர்ட்டியும் வருஷக்கணக்கில் கிரீடன்ஸ் பாட்டுகளைத் தொடவில்லை. 1987-ல் ஒரு கிளப்பில் பாடகர் பாப் டிலன் அவரிடம், நீ எழுதிய 'பிரவுட் மேரி'யை நீயே பாடாவிட்டால் அது பிறகு அதைப் பாடிய டீனா டர்னரின் பாட்டு என்றே ஊர் நினைக்கும் என்றாராம். அன்றைக்குப் பாடினார். அந்த ஜூலையில் வியட்நாம் வீரர்களுக்கான கச்சேரியில் மறுபடி பாட ஆரம்பித்தார். நண்பர்களோடு மட்டும் சேரவில்லை. டாம் 1990-ல் இறந்துபோனார். 1993-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் பேண்டைச் சேர்த்தபோது ஜான் வேறு ஆட்களோடு வாசித்தார், குக்கும் கிளிஃபோர்டும் அரங்கில் இருந்தும் மேடையில் இடம் இல்லை. டிலன் கதையை நான் பாடகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை.

மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் ஒரு கல்யாண சவுண்ட் சர்வீஸ்காரருக்கு எழுபதாயிரத்துக்கு விற்றேன். மீதி லோனை நான் தனியாக அடைத்தேன். டிரம்மர் மட்டும் தன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான், கேட்காமலே. பாடகனோடு பேச்சு மறுபடி ஆரம்பித்தது வக்கீல் சொன்ன சரிபாதி ராயல்டி விஷயத்தில்தான். பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் அவன் உறுப்பினராகி நாலு பாட்டையும் பதிவு செய்தான். பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் சேரலாம், கம்பெனி கையில் உரிமை இருந்தாலும் எழுதியவர் பங்கு அவருக்கு நேராக வரும். படிவத்தில் மெட்டு யார் யார், எத்தனை சதவீதம் என்று நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது பாட்டின் ஆரம்பம் தன் டிரம்ஸ்தான் என்று டிரம்மர் இருபது கேட்டான். தாளம் மெட்டாகுமா என்று பாடகன் ஐந்தில் நின்றான். நான் நடுவில் உட்கார்ந்து பத்தில் முடித்தேன். முதல் தடவை வந்த தொகை ஆயிரத்துச் சொச்சம், அதில் டிரம்மரின் பங்கை ஜிபேயில் அனுப்பியாயிற்று.